12க்கு 12 கொங்கிரீட் அறையில் பேஸ் (தாழ்ந்த ஓசை) குமுறுகிறது, ஒலி உறிஞ்சும் பேனலை எங்கே வைப்பது?

உப்புவெளிக்காரன்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் உப்புவெளி வீட்டுக்கு மேல்மாடி கட்டினோம். அதில் ஒரு அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கினேன். 12 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி, நாலு பக்கமும் கல்லுச் சுவர், மேலே கொங்கிரீட், தரைக்கு டைல்ஸ், கடல் பக்கம் ஒரு யன்னல், எதிர்ச் சுவரின் மூலையை ஒட்டிக் கதவு.

அதே ஸ்பீக்கர், அதே அம்ப் முன்பு அப்பாவின் ஓட்டு வீட்டில் இருந்தன. அங்கே மிருதங்கம் போட்டால் தொப்பியில், அதாவது அதன் தாழ்ந்த ஓசைப் பக்கத்தில், கை விழுவதும் எழும்புவதும் தனித்தனியாகக் கேட்கும். இங்கே சில அடிகள் அறை முழுக்கக் கும்மென்று நிற்கின்றன, சில அடிகள் வாசித்ததே தெரியாமல் போகின்றன. ஒரே கச்சேரி, ஒரே இறுவட்டு. காசைக் கொட்டிக் கட்டிய அறையில், பழைய வீட்டில் கேட்டதில் பாதி கூட இல்லை என்பது மனதுக்குச் சரியான கஷ்டமாக இருக்கிறது.

இணையக் கடை ஒன்றில் 'பேஸை உறிஞ்சும்' என்று போட்டிருந்த ஒரு அங்குல ஃபோம் துண்டுகள் 24 வாங்கி, ஸ்பீக்கருக்குப் பின் சுவரில் ஒட்டினேன். குமுறல் அப்படியே இருக்கிறது, வயலினின் பளிச்சென்ற ஓசைதான் செத்துவிட்டது. இனி என்ன பேனல், எந்த மூலையில், திருகோணமலையில் எதைக் கொண்டு செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மட்டிக்களி ஒலிப்பதிவு

தம்பி, உங்கள் அறை சதுரம் என்பதுதான் முதல் பிரச்சினை. 12 அடி என்றால் 3.66 மீற்றர். நம் ஊர் வெக்கையில், 30 பாகையில், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள், 48 ஹேர்ட்ஸ் வரும். நீளத்துக்கும் அதே 48, அகலத்துக்கும் அதே 48, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அடுத்தது 95, அதுவும் இரட்டை. உயரம் 10 அடிக்கு 57. இந்த மீடிறன்களில், அதாவது செக்கனுக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கில், அறையே ஒரு வாத்தியம் மாதிரி கூடச் சேர்ந்து ஒலிக்கிறது. உங்கள் பதிவில் தொப்பி எங்கே சுருதி கூட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு அடி இதில் மாட்டும், இன்னொன்று தப்பும்.

பேனலுக்கு ஓடுவதற்கு முன்பு ஒன்று செய்யுங்கள். கைப்பேசியில் மீடிறன் எழுப்பும் செயலி எதையாவது இறக்கி, ஸ்பீக்கரில் 48ஐ மெல்லிய சத்தத்தில் போட்டுவிட்டு, முன் சுவரிலிருந்து பின் சுவர் வரை மெதுவாக நடந்து பாருங்கள். பிறகு 95க்கும் அதேபோல. எங்கே பெருக்கிறது, எங்கே மறைகிறது என்று தரையில் சோக்கால் கோடு போடுங்கள். இப்போது எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.


திருக்கடலூர் வீணை

என் அனுபவத்தைச் சொல்கிறேன், கணக்கு எனக்குத் தெரியாது. வீணை வகுப்பு நடக்கும் அறையில் மந்தரத் தந்தி மீட்டினால் ஒரு ஸ்வரம் மட்டும் வயிற்றில் வந்து இடிக்கும். வீட்டில் கிடந்த பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டை மூலைகளில் நிமிர்த்திச் சாய்த்து வைத்தேன், இடம் இல்லாததால்தான் அங்கே வைத்தேன். அன்றைக்கே பிள்ளைகள் சொன்னார்கள், வீணை தெளிவாக இருக்கிறது என்று. மெத்தை ஏழு அங்குலத் தடிப்பு. உப்புவெளிக்காரர் ஏன் மெத்தை வைக்கக் கூடாது?


ஓர்ஸ்ஹில் ஆசிரியர்

அக்கா சொன்ன மெத்தைக்கு நூறு வருடத்துக்கு மேல் பழைய சரித்திரம் உண்டு. 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு எதிரொலித்து ஒன்றும் விளங்காமல் போனபோது, வாலஸ் சபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் ஆசன மெத்தைகளை இரவிரவாகத் தூக்கி வந்து, ஒவ்வொன்றாகக் கூட்டி, ஓர்கன் குழாய் ஒன்றை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். திறந்த யன்னலைத்தான் அளவுகோலாக வைத்தார், அதன் வழியே போன ஒலி திரும்பி வராது என்பதால். ஆனால் அந்தக் குழாயின் மீடிறன் 512. நம் தம்பியின் தொல்லை 48. இந்த இரண்டுக்கும் இடையில் மூன்று ஸ்தாயிக்கு மேல் தூரம் இருக்கிறது. 512ஐ விழுங்கும் மெத்தை 48ஐ அதே அளவு விழுங்கும் என்று நினைப்பதில்தான் ஃபோம் விற்பவர்கள் பிழைக்கிறார்கள்.

காரணம் உயர்தரம் படித்தவர்களுக்கு நினைவு வரும். பரிவுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் மூடிய குழாய்தான் இந்த அறை. மூடிய முனையில், அதாவது சுவரில், காற்றுத் துணிக்கைகள் அசைய முடியாது, அங்கே இடப்பெயர்ச்சிக்குக் கணு (அசைவே இல்லாத இடம்), அமுக்கத்துக்கு முரண்கணு (மாற்றம் மிகப் பெரிதான இடம்). பஞ்சு, கண்ணாடிக் கம்பளி, ஃபோம் எல்லாம் காற்று தங்களுக்குள்ளால் போய் வரும்போது உராய்ந்துதான் ஒலியை வெப்பமாக்குகின்றன. சுவரோடு ஒட்டிய ஒரு அங்குல ஃபோம் இருக்கும் இடத்தில் 48 ஹேர்ட்ஸ் காற்று அசையவே அசையாது. அது நன்றாக அசையும் இடம் சுவரிலிருந்து கால் அலைநீளத் தூரத்தில், 48க்கு அது ஏறத்தாழ ஆறு அடி. உங்கள் அறையின் நட்டநடு! அங்கே யாரும் மெத்தை நட முடியாது. அதனால்தான் தடிப்பு வேண்டும், பின்னால் வெற்றிடம் வேண்டும், மூலை வேண்டும். மூலையில் ஏன் என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றின் அலைகளும் அங்கேதான் வந்து முடிகின்றன, ஒரு பேனல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும். அக்காவின் மெத்தை வேலை செய்தது அது தடிப்பானதும், தற்செயலாக மூலையில் நின்றதும், பின்னால் முக்கோண வெளி இருந்ததும் சேர்ந்துதான்.


சாம்பல்தீவு சப்வூபர்

இவ்வளவு பாடு எதற்கு? ஈக்குவலைசரில் 48ஐ 10 டெசிபெல் குறைத்துவிட்டால் முடிந்தது. நான் இரண்டு வருடமாக அப்படித்தான் கேட்கிறேன். பஞ்சும் பலகையும் அடித்து அறையைக் களஞ்சியம் ஆக்கத் தேவையில்லை.


மட்டிக்களி ஒலிப்பதிவு

சப்வூபர் தம்பி, பாதிதான் சரி. நீங்கள் உட்காரும் ஒரு இடத்தில் மேட்டை, அதாவது ஒலி பெருத்து நிற்பதை, வெட்டலாம், அதை நானும் செய்கிறேன். ஆனால் மறையும் இடத்தை நிரப்ப முடியாது. அங்கே சுவரில் பட்டுத் திரும்பிய அலை வந்த அலையை அழிக்கிறது, நீங்கள் சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், அழிவு அழிவுதான், அம்ப் மட்டும் சூடாகும். ஒரு இருக்கைக்கு வெட்டியது பக்கத்து இருக்கைக்குப் பொருந்துவதும் இல்லை. பேனல் என்றால் அறையில் எங்கே இருந்தாலும் ஒலி கெதியாக அடங்கும். இரண்டையும் செய்யலாம், ஆனால் பேனல் முதலில்.


உப்புவெளிக்காரன்

நடந்து பார்த்தேன். நான் நினைத்தே பார்க்கவில்லை.

இரவு பத்து மணிக்கு, ரோட்டுச் சத்தம் அடங்கிய பிறகு, 48 போட்டேன். முன் சுவரோடு நின்றால் காதுக்குள் அமுக்குகிறது. ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போகப் போகக் குறைந்து, அறை நடுவில் வந்ததும் யாரோ நிறுத்திவிட்டது போல ஒன்றுமே இல்லை. ஸ்பீக்கர் ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டு அதன் கூம்பில் விரலை வைத்துப் பார்த்தேன், நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தலையை ஒரு சாண் பின்னுக்குக் கொண்டுபோனால் மெல்லத் திரும்புகிறது. பின் சுவரில், அலுமாரிக்குப் பக்கத்தில், மறுபடியும் குமுறல், அலுமாரிக் கதவின் பூட்டு கிடுகிடுவென்று அடிக்கிறது. இவ்வளவு நாளும் அந்தச் சத்தத்தைப் பதிவில் உள்ள பிழை என்று நினைத்திருந்தேன். கதவோடு இருக்கும் மூலையில் தலையை உள்ளே விட்டால் தாங்க முடியவில்லை.

95க்கு நேர் எதிர். நடுவில் பெருக்கிறது, சுவருக்கும் நடுவுக்கும் இடையில், மூன்று அடியில், மறைகிறது.

என்னுடைய கதிரை சரியாக அறை நடுவில்தான் இருக்கிறது. அதாவது 48 இல்லாத, 95 பெருத்த இடம். வடிவாகத் தெரிகிறதே என்று நானே தேர்ந்து வைத்த இடம்.


மட்டிக்களி ஒலிப்பதிவு

அப்படியென்றால் முதல் வேலை கதிரை. காசு இல்லாத வேலை. பின் சுவரிலிருந்து ஏறக்குறைய நாலரை அடிக்கு இழுங்கள், அறை நீளத்தில் 38 சதவீதம். இது வேதவாக்கு இல்லை, தொடங்கும் இடம்தான், அங்கிருந்து அரை அடி முன்பின்னாக நகர்த்திக் காதால் முடிவு செய்யுங்கள். சதுர அறையிலும் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரையும் பக்கச் சுவர்களிலிருந்து சரிசமமாக வைத்தால், இரண்டும் ஒரே பேஸை அடிக்கும்போது அகலத்துக்கான 48 பெரும்பாலும் தானே அடங்கும். மிச்சம் நீளத்துக்கான 48தான்.

அப்புறம் பேனல். 4 அடி உயரம், 2 அடி அகலம், 4 அங்குலத் தடிப்பு. இதை மூலைக்குக் குறுக்கே சாய்வாக நிறுத்தினால் பின்னால் நடுவில் சரியாக ஒரு அடி வெளி கிடைக்கும், அந்த வெளியும் வேலை செய்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் ஒரு மூலைக்கு 8 அடி உயரம். எல்லோரும் நாலு மூலை என்றுதான் எண்ணுகிறார்கள், அறைக்கு விளிம்புகள் 12, சுவரும் சுவரும் சேர்வது நாலு, சுவரும் கூரையும் நாலு, சுவரும் தரையும் நாலு. கதவு இருக்கும் மூலையில் நிறுத்த முடியாவிட்டால் அதற்கு மேலே, சுவரும் கூரையும் சேரும் விளிம்பில் குறுக்கே தொங்கவிடுங்கள். பலன் குறையாது.

ஒட்டிய ஃபோமைக் கழற்றுங்கள். பிறகு தேவைப்பட்டால் பக்கச் சுவரில் இரண்டு மூன்று துண்டு போதும். அந்தச் சாதாரண ஃபோம் நெருப்புப் பிடித்தால் நச்சுப் புகை வரும், ப்ளக் பொயின்ட்டுக்குக் கிட்ட அறவே வேண்டாம்.


உப்புவெளிக்காரன்

உள்ளே அடைக்க எது? தேங்காய்த் தும்பு இங்கே மலிவு. அக்கா சொன்ன இலவம்பஞ்சும் கிடைக்கும். கண்ணாடிக் கம்பளி கூரைக்கு விரிப்பது ஒரு ஹார்ட்வெயாரில் சுருளாகப் பார்த்தேன், ஒரு பக்கம் வெள்ளித் தாள் ஒட்டியது.


கிண்ணியா மரவேலை

தம்பி, நான் பள்ளிவாசலுக்கும் இரண்டு மண்டபங்களுக்கும் சுவர்ப் பேனல் சட்டம் அடித்திருக்கிறேன், ஒலிக் கணக்கு உங்களுக்கு, மரமும் ஈரமும் எனக்கு.

தும்பு வேண்டாம். நார் தடிப்பு, காற்று சும்மா நுழைந்து சும்மா வெளியே போகும், பேஸுக்கு அரை அடிக்கு மேல் அடைக்க வேண்டி வரும், அதற்குள் கறையான் வந்துவிடும். இலவம்பஞ்சு உறிஞ்சும், ஆனால் ஆறு மாதத்தில் கீழே இறங்கிச் சட்டத்தின் மேல் பாதி வெறுமையாகிவிடும், குறுக்கே தையல் போட்டு மெத்தை மாதிரித் தைத்தால் மட்டும் நிற்கும். நெருப்புக்கும் பயம். கண்ணாடிக் கம்பளி அல்லது கல் கம்பளிதான் சரி. அடைக்கும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளை மாடிக்கு விடாதீர்கள், அந்தத் தூள் தோலில் பட்டால் இரண்டு நாளைக்குச் சொறியும்.

சட்டத்துக்கு 4க்கு 1 அங்குலப் பைன் பலகை போதும், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், பின்பக்கம் பலகை அடிக்கவே கூடாது, மீன் வலைத் துண்டு இழுத்துக் கட்டினால் கம்பளி விழாது. முன்னால் துணி. எந்தத் துணி என்று கேட்பார்கள், வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும், அவ்வளவுதான் சோதனை. சணல் சாக்கு அருமையாக நிற்கும், இப்போது வரும் உரப்பை வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் மாரி. கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது வடக்கும் கிழக்குமான வெளிச் சுவர் ஊறும். அந்த மூலையில் பேனலைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் பூஞ்சணம் பிடித்து, தை பிறக்கும்போது மணக்கும். விளிம்பு சுவரில் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், கீழே இரண்டு அங்குலக் கால் வையுங்கள், எலியும் கறையானும் வந்தால் கண்ணுக்குத் தெரியும். சுவரில் திருகி இறுக்காமல் கொழுவித் தொங்கவிட்டால் கச்சான் காற்றுக் காலத்தில் கழற்றி ஒரு நாள் வெயிலில் காய வைக்கலாம்.


ஓர்ஸ்ஹில் ஆசிரியர்

நானா சொன்னது தங்கம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வெள்ளித் தாளைக் கிழித்து எறியாதீர்கள். மூலைப் பேனலில் அந்தப் பக்கத்தை அறையைப் பார்க்க வைத்தால் தாள் உயர்ந்த ஓசையைத் திருப்பி அனுப்பும், பேஸ் மட்டும் உள்ளே போகும். வயலின் மறுபடியும் சாகாது.

ஓட்டு வீட்டு விஷயத்தையும் யாரும் எடுக்கவில்லை. அப்பாவின் வீட்டில் பேஸ் நன்றாக இருந்ததற்குக் காரணம் அங்கே அது அடைபடவே இல்லை. ஓட்டு இடுக்காலும், கூரை முகட்டாலும், திறந்த விறாந்தையாலும் தாழ்ந்த ஓசை வெளியே போய்க்கொண்டே இருந்தது. கொங்கிரீட் அதை ஒரு துளியும் விடாது. நம் ஊரில் ஓட்டை இறக்கிவிட்டு வீட்டுக்கு வீடு கொங்கிரீட் போடுகிறோம், கோயில் திருவிழாவில் தவில் கேட்கும் காதுக்கு வீட்டுக்குள் தவில் ஏன் சேறாகக் கேட்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.


திருக்கடலூர் வீணை

அப்படியென்றால் யன்னலையும் கதவையும் திறந்து வைத்துக் கேட்டால்?


மட்டிக்களி ஒலிப்பதிவு

நல்ல கேள்வி அக்கா. கதவைத் திறந்தாலே 48 மாறும், மூலையில் இருக்கும் கதவு என்பதால் இன்னும் நன்றாக மாறும். அயலவர்களுக்குச் சம்மதம் என்றால் அதைவிட மலிவான வழி இல்லை. உப்புவெளியார் இரண்டு விதமாகவும் அளந்து போடுங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் இலவச மென்பொருள், அளக்கும் மைக் என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.


உப்புவெளிக்காரன்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், வேலை, பிறகு மழை.

நானாவே வந்து எட்டுச் சட்டம் அடித்துத் தந்தார். ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் இரண்டிரண்டு, கதவில்லாத பின் மூலையில் இரண்டு, மிச்சம் இரண்டு பின் சுவரும் கூரையும் சேரும் விளிம்பில், கதவுக்கு மேலே இருந்து தொடங்கி. கதிரை பின் சுவரிலிருந்து நாலே கால் அடியில் நிற்கிறது, நாலரையை விட அங்கே தொப்பி தெளிவாக இருந்தது.

அளந்ததில் 95 அடங்கும் நேரம் 700 மில்லிசெக்கனிலிருந்து 350க்கு வந்துவிட்டது. 57உம் கொஞ்சம் இறங்கியது. 48தான் பிடிவாதம், 900 இருந்தது 700 ஆகியிருக்கிறது, கதவைத் திறந்தால் 550. மேடு 14 டெசிபெல்லிலிருந்து 11.

இலக்கத்தை விடுங்கள். முந்தநாள் இரவு அதே கச்சேரியைப் போட்டேன். தனி ஆவர்த்தனத்தில் வலந்தலையும் தொப்பியும் மாறி மாறி வரும் ஒரு இடம், முன்பு அது முழுக்க ஒரே இரைச்சலாக இருக்கும். இப்போது தொப்பியில் உள்ளங்கை வழுக்கி மேலே இழுக்கும்போது சுருதி வளைந்து ஏறுவது கேட்டது. அலுமாரிப் பூட்டு அடிக்கவில்லை. அம்மா கீழே இருந்து வந்து கதவோடு நின்று முடியும்வரை கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் 48ஐ இப்படியே விட மனமில்லை. இன்னும் கம்பளி அடைத்தால் அடங்குமா?


மட்டிக்களி ஒலிப்பதிவு

கம்பளியால் அதற்கு மேல் கஷ்டம், அறை முழுக்க இரண்டு அடித் தடிப்பில் அடைக்க வேண்டி வரும். ஒரு மீடிறனுக்கென்று செய்யும் பெட்டிதான் வழி. மூடிய பெட்டியின் முகத்தில் மெல்லிய பலகை, உள்ளே காற்று வில் மாதிரி, பலகை பாரம் மாதிரி, இரண்டும் சேர்ந்து 48இல் ஆடி அந்தச் சக்தியைத் தின்னும். இது அமுக்கத்தில் வேலை செய்வது, அதனால் கம்பளி தோற்ற இடத்தில், சுவரோடு ஒட்டி, அறை நீளத்தின் கடைசியில் வைக்கலாம். கணக்கு இதுதான்: பலகையின் ஒரு சதுர மீற்றர் எடையைக் கிலோவிலும், பெட்டியின் ஆழத்தை மீற்றரிலும் எடுத்துப் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 60ஐ வகுக்க வேண்டும். 12 மில்லிமீற்றர் பிளைவூட் ஏறத்தாழ 7 கிலோ வரும், ஆழம் 22 சென்ரிமீற்றர் என்றால் 48க்குக் கிட்ட வருகிறது. உள்ளே கொஞ்சம் கம்பளி வைத்தால் மீடிறன் சற்றுக் கீழே இறங்கும், அதனால் ஆழத்தை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மாற்றக்கூடிய மாதிரி முதல் பெட்டியைத் திருகாணியால் பூட்டுங்கள், பசை வேண்டாம். காற்று எங்கும் ஒழுகக் கூடாது.


கிண்ணியா மரவேலை

பிளைவூட் மாரியில் ஈரம் குடித்துப் பாரம் ஏறும், உங்கள் கணக்குத் தப்பும். மரைன் பிளைவூட் எடுப்போம், வெட்டிய விளிம்புக்கு இரண்டு தரம் வார்னிஷ். தை பிறந்து சுவர் காயட்டும் தம்பி, அவசரப்பட வேண்டாம்.


சாம்பல்தீவு சப்வூபர்

நானும் நேற்று 48 மாதிரி நடந்து பார்த்தேன், என் அறை 14க்கு 11, எனக்கு 41இலும் 52இலும் பிடிக்கிறது. கட்டில் தலைமாட்டில்தான் மோசம். நானா, சட்டம் அடிக்க என் வீட்டுக்கும் வருவீர்களா? நாலு போதும்.


கிண்ணியா மரவேலை

வருகிறேன் தம்பி. அளவை வடிவாக எடுத்து அனுப்புங்கள், மூலை நேராக இருக்கிறதா என்று மட்டத்தையும் பாருங்கள்.